வாசகர் வட்டம்: போலீஸ் இலாகா

வருஷக் கடைசி வந்துவிட்டால் எழுத்தாளர்களுக்கு ஒரு நமைச்சல் கிளம்பும். 'இந்த ஆண்டு நான்' என்று ஆரம்பித்து, முடித்த நாவல், முடியாத நாவல், இப்போது படித்துக்கொண்டிருப்பது, புத்தகக் கண்காட்சியில் ஸ்டால் நம்பர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அறிவிப்பார்கள். சொந்தக் காசில் அச்சடித்து, சொந்தத் தோளில் சுமந்து விற்கிற எழுத்தாளர் என்றால் கூடவே ஜி-பே நம்பரும் இருக்கும்.

1912-ஆம் வருஷக் கடைசியில் புதுச்சேரியில் குடியிருந்த ஒருவர் அப்படி ஓர் அறிக்கை விட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? சும்மா கற்பனை செய்து பார்ப்போம். எழுதியவை: பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு. அச்சானது: முதலாவதில் பாதி. நடத்திய பத்திரிகைகள்: நாலைந்து, எல்லாம் நின்றுவிட்டன. தடை செய்யப்பட்ட புத்தகங்கள்: இரண்டு. விடாமல் படிக்கும் வாசகர்கள்: சி.ஐ.டி. இலாகா முழுவதும். ஜி-பே நம்பர் மட்டும்தான் பாக்கி. வீட்டு வாடகையும் பாக்கி.

பாரதியை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். முண்டாசு, முறுக்கு மீசை, எதிரே நிற்பவரைச் சுட்டெரிக்கும் பார்வை. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் ஐந்து வயதுப் பையன் கண்மையால் மீசை வரைந்துகொண்டு மேடையில் கர்ஜிக்கிறான். இறங்கியதும் மீசை அரிக்கிறது என்று அம்மாவிடம் அழுகிறான். பாரதியின் அந்தக் கண்களுக்குப் பின்னால் பிரஸ் பாக்கி, காகித விலை, தபால் செலவு என்று ஒரு சுயபதிப்பாளரின் தலைவலி இருந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தமிழில் அவரளவுக்குப் பாட்டுக் கட்டியவர்கள் அபூர்வம். அவரளவுக்கு மோசமாகப் புத்தக வியாபாரம் செய்தவர்கள் அதைவிட அபூர்வம்.

அது போதாதென்று அவரிடம் இன்னொரு விசேஷத் திறமையும் இருந்தது. நாளைக்கு யார் தனக்கு உதவப் போகிறாரோ, அவரை இன்றைக்கே கிண்டல் செய்து வைத்துவிடுவார்!

முதல் பலி, மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். காங்கிரஸில் மிதவாதிகளின் பெரிய தலை. பாரதியோ திலகர் கட்சி. தன் 'இந்தியா' வாரப் பத்திரிகையில் மிதவாதிகளை வாரம் தவறாமல் வறுத்துக்கொண்டிருந்தவர். 1907-இல் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன் பாரதியைக் கையோடு அழைத்துப்போய்க் கிருஷ்ணசாமி ஐயர் எதிரே உட்கார்த்திப் பாட வைத்தார். வறுபட்டவர் உருகிவிட்டார். தன் செலவில் அந்தத் தேசப் பாடல்களை அச்சடித்து ஊரெல்லாம் விநியோகித்தார். எத்தனை பிரதி தெரியுமா? 15,000!

இன்றைக்குக் கவிதைத் தொகுப்பு முந்நூறு பிரதி போடுவதற்கே பதிப்பாளர் வீட்டில் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. இருபத்தைந்து வயதில் பதினைந்தாயிரம் என்றால் ராயல்டியே எவ்வளவு வந்திருக்கும் என்றுதானே கணக்குப் போடுகிறீர்கள்? போட வேண்டாம். அத்தனையும் இலவசம்.

அடுத்த வருஷம் அரசாங்கம் 'இந்தியா' ஆசிரியரைப் பிடிக்க வாரண்டோடு வந்தது. சிவப்புத் தாளில் அச்சாகி, முகப்பில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று கோஷங்களையும் போட்டுக்கொண்டு வந்த பத்திரிகையை எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வார்கள்? ஆனால் சட்டப்படி பதிவான ஆசிரியர் பாரதி அல்ல. முரப்பாக்கம் சீனிவாசன் என்பவர். எழுதியது ஒருவர், கையெழுத்துப் போட்டவர் இன்னொருவர். கையெழுத்துப் போட்டவருக்கு ஐந்து வருஷம் சிறை. எழுதியவர் புதுச்சேரிக்கு ரயில் ஏறினார்.

தலைமறைவாகப் போகச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்தினார்கள், வேறு வழி இல்லை என்றெல்லாம் சொல்லலாம். எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் பாரதி வாழ்க்கையை எழுத வருகிறவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் எச்சில் தொட்டுச் சீக்கிரம் புரட்டிவிடுவார்கள். நாமும் புரட்டிவிடுவோம், சீனிவாசனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு.

பத்திரிகை முகப்பில் போட்ட கோஷத்துக்குச் சொந்தக்காரர்களே ஆளும் ஊர்! இனிமேல் என்ன கவலை என்று வந்து இறங்கியவருக்கு முதல் வரவேற்பே விநோதம். தங்க இடம் கொடுத்தவரைத் தேடி உளவு போலீஸ் வந்துவிட்டது. இந்த ஆளை வெளியே அனுப்பாவிட்டால் உனக்கு ஆபத்து என்று மிரட்டல். வீட்டுக்காரர் நடுங்கிப் போனார். சுதந்திரம் முகப்பில் பத்திரமாக இருந்தது. ஆசிரியர்தான் ஜாகை தேடி அலைந்தார்.

1908 அக்டோபரில் 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து மறுபடி வந்தது. அதோடு விட்டாரா? 'விஜயா' என்று ஒரு தினசரி. 'கர்மயோகி' என்று ஒரு மாதப் பத்திரிகை. ஆங்கிலத்தில் 'பாலபாரதா'. தமிழ்ப் பத்திரிகையில் கார்ட்டூன் போடுவதற்கு முன்னோடி அவர்தான். அந்த ஜோரில் படங்களுக்கென்றே 'சித்ராவளி' என்று ஒன்று கொண்டுவரவும் திட்டம். ஒரு யூடியூப் சேனல் சரியாகப் போகவில்லை என்றால் நாலாக ஆரம்பிக்கிற நம்ம ஊர் இளைஞர்களுக்கு அவர்தான் மூதாதை.

இதில் ஒரு சின்னச் சிக்கல். பத்திரிகை அச்சாவது பிரெஞ்சுப் புதுச்சேரியில். படிக்கிற ஜனங்கள் இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில். வாசகர் வீட்டு வாசலுக்குப் போகிற தபால்காரர் பிரிட்டிஷ் சர்க்காரின் சம்பளக்காரர். பத்திரிகை உள்ளே வரக்கூடாது என்று அங்கே ஓர் உத்தரவு போட்டால் போதும். போட்டார்கள். 1910-க்குள் எல்லாக் கடையும் அடைப்பு.

ஆனால் வாசகர்களே இல்லாமல் போய்விட்டார்கள் என்று நினைத்து வருத்தப்படாதீர்கள். சென்னை அரசாங்கத்தில், சுதேசிப் பத்திரிகைகளை வரி விடாமல் படித்து, வம்பான பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, வாராவாரம் ரகசிய அறிக்கை தயாரிக்கவே ஆட்கள் இருந்தார்கள். எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்? நண்பனுக்குப் புத்தகம் கொடுத்தால் 'படிச்சுட்டிருக்கேன்' என்று மூன்று வருஷம் சொல்வான். இவர்களோ அடிக்கோடு போட்டுப் படித்தார்கள், மொழிபெயர்த்தார்கள், கோப்பில் கட்டிப் பத்திரமாகவும் வைத்தார்கள். பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் தொலைந்துபோன இதழ்களில் என்ன இருந்தது என்று தேடியபோது கைகொடுத்தவை அந்தக் கோப்புகள். பாரதியின் எழுத்துக்கு பேக்-அப் எடுத்து வைத்த புண்ணியம் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தையே சேரும்.

இவ்வளவு கூர்மையாகப் படித்தவர்கள் 1911-இல் எந்த எழுத்தைத் தடை செய்தார்கள் என்று கேட்டால்தான் வேடிக்கை. 'கனவு' என்ற சுயசரிதைக் கவிதை ஒன்று. அதில் என்ன இருக்கிறது? சின்ன வயதில் ஒரு பெண் மேல் வந்த பிள்ளைக் காதல், கல்யாணம், அப்பாவின் பணநஷ்டம், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் காசைக் கொட்டியது வீண் என்ற புலம்பல். இந்தக் கடைசிப் புகாரை இன்றைக்கு ஜூன் மாதத்தில் எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் நின்று கேட்கலாம். இன்னொன்று 'ஆறில் ஒரு பங்கு' என்ற கதை. காதலும் சாதிக் கொடுமைக்கு எதிரான பேச்சுமாக ஒரு சின்னப் புத்தகம். இரண்டாலும் சாம்ராஜ்யம் ஆட்டம் கண்டுவிடும் என்று மேலிடம் பயந்தது. தன் எழுத்தின் சக்தி மேல் பாரதிக்கு எக்கச்சக்க நம்பிக்கை உண்டு. அவரைவிட அதிகமாக நம்பியது சென்னைக் கோட்டை.

அந்த வருஷம் ஜூனில் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதனுக்குப் புதுச்சேரித் தொடர்பு உண்டு என்று தெரிந்ததும் ஊரில் உளவாளிக் கூட்டம் பெருகிவிட்டது. ஏற்கெனவே 1910 ஏப்ரலில் அரவிந்தர் கப்பலில் வந்து இறங்கியிருந்தார். அதே வருஷம் வ.வே.சு. ஐயர் மாறுவேஷத்தில் வந்து சேர்ந்தார். ஒருவர் 'ஆர்யா' பத்திரிகையில் பக்கம் பக்கமாகத் தத்துவம் எழுதினார். இன்னொருவர் குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். மூன்றாமவர் பாஞ்சாலியைப் பாடினார். மூவரும் ஊரைவிட்டு நகரக்கூடாது, நகர்ந்தால் கைது. வெளிநாடுகளில் எழுத்தாளர்களை மலைப்பங்களாவில் உட்கார்த்தி வைத்து, எங்கும் போகாமல் எழுதுங்கள் என்று உபகாரச் சம்பளம் கொடுக்கிறார்களே, ரைட்டர்ஸ் ரெசிடென்சி என்று! அதை நம் நாட்டில் முதலில் தொடங்கி வைத்தது பிரிட்டிஷ் போலீஸ்தான் என்பேன். சம்பளத்தை மட்டும் உளவாளிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பிரெஞ்சு சர்க்காரும் தன் பங்குக்கு 1911-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள், உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் ஐந்து பேரிடம் நற்சான்று வாங்கி வரவேண்டும். அதாவது, ப்ளூ டிக். உள்ளூர்ப் பிரமுகர் கலவை சங்கர செட்டியார் முன்கை எடுத்து, ஒரே நாளில் ஐந்து கையெழுத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். மகாகவியும் மகாயோகியும் யோக்கியமானவர்கள்தான் என்று செட்டியார் சான்று சொல்லி நமக்கு நிச்சயமானது.

அடுத்து உளவாளிகள் ஒரு யுக்தி செய்தார்கள். ராஜத்துரோகக் காகிதங்களைத் தாங்களே தயாரித்து, ஜாடியில் அடைத்து, வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் போட்டுவிட்டார்கள். வருஷக்கணக்காக அடுத்தவன் எழுதியதையே படித்து அலுத்துப்போய், ஒருநாள் வாசகர்களே எழுத்தாளர்களாக மாறிவிட்டார்கள்! ஆனால் முதல் படைப்பே தோல்வி. தண்ணீர் எடுக்கப் போன வேலைக்காரப் பெண் ஜாடியைத் தூக்கிவிட, ஐயர் கோஷ்டி அதைத் தாங்களே பிரெஞ்சுப் போலீஸிடம் ஒப்படைத்துவிட்டது.

ஆனாலும் புகார் வந்ததால் நந்தோ என்ற பிரெஞ்சு மாஜிஸ்திரேட் வீடு வீடாகச் சோதனைக்குக் கிளம்பினார். அரவிந்தர் வீட்டு மேஜையைத் திறந்தால் வெடிகுண்டுக்குப் பதில் கிரேக்கமும் லத்தீனும். மாஜிஸ்திரேட் சொக்கிப்போனார். ஹோமரைப் படிக்கிறவன் எப்படிக் குற்றவாளியாக இருக்க முடியும் என்ற அசல் பிரெஞ்சு நியாயத்தோடு மரியாதையாக விடைபெற்றுக்கொண்டார். பாரதிக்கு சம்ஸ்கிருதம், ஆங்கிலம், பிரெஞ்சு எல்லாம் தெரியும். அதற்காக மளிகைக்காரர் கடன் தள்ளுபடி செய்ததாகத் தகவல் இல்லை.

வீட்டுக்காரர் தள்ளுபடி செய்தார். ஆமாம், அப்படியும் ஒருவர் புதுச்சேரியில் வாழ்ந்திருக்கிறார்! ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீட்டின் சொந்தக்காரருக்கு பாரதி வைத்த பெயர் விளக்கெண்ணெய்ச் செட்டியார். வாடகை கேட்க வருவாராம். பாரதி பாடிக்கொண்டிருப்பாராம். உட்கார்ந்து கேட்டுவிட்டு, வந்த விஷயத்தை வாயால் சொல்லாமலே போய்விடுவாராம். பாரதியோடு பழகிய எழுத்தாளர் வ.ரா. இதை எழுதியிருக்கிறார். பாட்டில் மயங்கினாரா, கேட்டால் இன்னும் நாலு பாட்டுப் பாடுவாரோ என்று பயந்தாரா என்பது செட்டியாருக்கே வெளிச்சம். எப்படியோ, தமிழ் இலக்கியத்துக்கு நிஜமான ஸ்பான்சர் அவர்தான். அதற்குக் கைம்மாறாகக் கவிஞர் செய்தது, அவரை என்றென்றைக்கும் விளக்கெண்ணெய் ஆக்கியது.

பட்டப்பெயர் வைப்பதில் அவருக்கு வீட்டுக்காரர், வெளியாள் என்ற பேதமே கிடையாது. வெல்லச்சுச் செட்டியார், எலிக்குஞ்சுச் செட்டியார், வல்லூறு நாயக்கர் என்று ஊரையே ஒரு கார்ட்டூன் ஆல்பமாக்கி வைத்திருந்தார். நீங்கள் அந்தக் காலத்துப் புதுச்சேரியில் மூக்கு கொஞ்சம் நீளமாக இருந்து, அவர் கண்ணில் பட்டிருந்தால் இந்நேரம் இலக்கிய வரலாற்றில் சிக்கியிருப்பீர்கள்.

'தற்போதைய ஆர்வங்கள்' என்று ஒரு பகுதி வைத்தால் அவருடைய பட்டியல் இப்படிப் போகும்: அரவிந்தரோடு வேதம், முத்தியாலுப்பேட்டைத் தோப்பில் குயில், கடற்கரை, குள்ளச்சாமி என்ற சித்தர், ஒரு ஹரிஜன இளைஞருக்குப் பூணூல் போட்டு வைத்து அக்கிரகாரத்தைக் கலக்குவது, காக்கைகள் கூடி பார்லிமெண்ட் நடத்தினால் எப்படி இருக்கும் என்ற யோசனை. இத்தனையிலும் தொடர்ச்சியாக இல்லாத ஒரே ஆர்வம், மாத வருமானம்.

குருவிக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மனைவி செல்லம்மா கடன் வாங்கி வைத்த அரிசியைக் கவிஞர் முற்றத்துக் குருவிகளுக்கு இறைத்துவிட்டு, அவை கொத்தித் தின்கிற அழகைப் பார்த்துப் பரவசப்பட்டார். ஆகா, உயிர்களிடத்தில் என்ன அன்பு என்று நாம் ஒவ்வொரு செப்டம்பரிலும் கட்டுரை எழுதுகிறோம். அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் சாப்பாடு என்ன ஆயிற்று என்று எழுதுகிறவர்கள் குறைவு. அதைத் தெரிந்து வைத்திருந்த ஒரே ஆள் குருவிகளைப் பாராட்டிக்கொண்டிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய்க் கொண்டிருந்திருப்பார், பாத்திரத்தோடு.

சரி, பாஞ்சாலி சபதத்துக்கு வருவோம். 1912-இல் முதல் பாகம் அச்சேறியது. படிக்கத் தெரிந்து ஓரிரு வருஷம் ஆனவர்களுக்கும் புரிய வேண்டும், எளிய நடை வேண்டும் என்று முன்னுரையில் சொன்னார். அதுபாட்டுக்கு ஒரு புரட்சி. நான் ரசிப்பது சமர்ப்பணத்தை. அம்மாவுக்கு, மனைவிக்கு, குருவுக்கு என்று போடுவதுதானே வழக்கம்? இவர் புத்தகத்தைச் சமர்ப்பித்தது, இனிமேல் பிறந்து தமிழுக்கு உயிர் கொடுக்கப்போகிற மகாகவிகளுக்கு. அதோடு நிறுத்தவில்லை. அந்தக் கவிகளுக்குக் கைங்கரியம் செய்யப்போகிற பிரபுக்களுக்கும் சேர்த்து! இன்னும் பிறக்காத ஸ்பான்சருக்கு முன்கூட்டியே நன்றி சொன்ன எழுத்தாளர் உலகத்தில் வேறு யாராவது உண்டா? பிறந்திருந்த பிரபுக்கள் யாரும் குறிப்பறிந்து நடக்கவில்லை. இரண்டாம் பாகம் புத்தகமாக வந்தது 1924-இல், கவிஞர் காலமாகி மூன்று வருஷம் கழித்து. அதுவரை தமிழர்கள் கதையின் முதல் பாதியோடு காத்திருந்தார்கள்.

இன்னொரு கையெழுத்துப் பிரதிக்கு இந்தக் கதிகூட வாய்க்கவில்லை. 'சின்னச் சங்கரன் கதை' என்று ஒன்று எழுதிவந்தார். கவுண்டனூர் என்ற குட்டி ஜமீன். அங்கே தின்று தூங்கிப் புகழ்மாலை வாங்குவதையே உத்தியோகமாக வைத்திருக்கும் ஜமீன்தார். அவரை அண்டிப் பிழைக்கிற பொடிக்கவிஞன் சங்கரன். பாரதி பிறந்த எட்டயபுரமும் அவருமேதான் என்று ஊருக்கே தெரியும். வயிறு வலிக்கச் சிரித்தோம் என்கிறார் கேட்ட வ.ரா. நாம் கேட்க முடியாது. அந்தக் கையெழுத்துப் பிரதி புதுச்சேரி வீட்டிலிருந்து திருடு போய்விட்டது. மிஞ்சியது சில அத்தியாயம்தான். மகாகவியைப் பற்றி இப்படிக் கிண்டலாக எழுதலாமா என்று என் மேல் பாய நினைக்கும் அன்பர்கள் முதலில் அந்தச் சில அத்தியாயத்தைப் படித்துவிட்டு வரவும். அவரை அவரைவிட மோசமாகக் கிண்டல் செய்ய யாராலும் ஆகாது.

உள்ளூரில் அச்சடிக்க வழியில்லாத அதே காலத்தில் 1914-இல் அவருடைய 'மாதா மணி வாசகம்' எங்கே வெளியானது தெரியுமா? தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தில்! புதுச்சேரி எல்லையைத் தாண்டிக் கடலூர் போக முடியாதவரின் புத்தகம் இந்துமாக்கடலைத் தாண்டிவிட்டது. சர்வதேசப் பதிப்பு கண்ட ஆசிரியர் என்று விசிட்டிங் கார்டு அடித்திருக்கலாம். அடிக்கக் காசில்லை.

அதே 1914-இல் ஆங்கிலத்தில் ஒரு நையாண்டி எழுதினார்: பொன்வால் நரியின் கதை. அந்த நரி யார் என்று கேட்டால், அன்னி பெசண்ட் அம்மையார். தியாசபி, ஞானோபதேசம், சீடர் கூட்டம் எல்லாவற்றையும் வாலோடு சேர்த்து நறுக்கியிருந்தார். கிருஷ்ணசாமி ஐயர் விஷயத்தில் நாம் பார்த்த ராசியை இங்கே நினைவில் வையுங்கள். அம்மையாருக்கு முறை நாலு வருஷம் கழித்து வரும்.

ரசிகர்கள் இல்லாமலில்லை. ஒரு கல்யாண வீட்டில், பாரதி இருப்பது தெரியாமலே பாரதி பாட்டைப் பாடிய கனகசுப்புரத்தினம் என்ற பள்ளிக்கூட வாத்தியார் அவரிடம் வந்து சேர்ந்தார். பெயரையே பாரதிதாசன் என்று மாற்றிக்கொண்டார். அவர் எழுதிய ஒரு பாட்டைச் சுதேசமித்திரன் பத்திரிகைக்கு அனுப்பும்போது, 'சுப்பிரமணிய பாரதியின் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர்' என்று குறிப்பு எழுதி அனுப்பினார் குரு. கவிதா மண்டலம்! படிக்கிறவர்களுக்கு ஏதோ புதுச்சேரியில் நாற்பது கவிஞர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியிருக்கும். பிராண்டிங் என்றால் இதுதான். மண்டலத்தின் மொத்த ஜனத்தொகையை அந்தக் கல்யாண வீட்டுத் திண்ணையில் உட்கார்த்திவிடலாம்.

1917-இல் பரலி சு. நெல்லையப்பர் என்ற தம்பி கண்ணன் பாட்டையும் வேறு சிலவற்றையும் சின்னச் சின்னப் புத்தகங்களாகப் போட்டார். அவர் இல்லாவிட்டால் இந்தக் கதையில் இன்னும் இருட்டு. நல்லவர்களைப் பற்றி நகைச்சுவையாக எழுத ஒன்றும் கிடைப்பதில்லை, மேலே போவோம்.

பத்து வருஷம் பொறுத்தவருக்கு 1918 நவம்பரில் பொறுமை போய்விட்டது. புதுச்சேரியைவிட்டுக் கிளம்பினார். எல்லையைத் தாண்டியதும் கைது, கடலூர்ச் சிறை. இப்போது விடுதலைக்காக முயற்சி எடுத்தவர்களில் ஒருவர் யார் என்று ஊகியுங்கள். அன்னி பெசண்ட்! பொன்வாலை அம்மையார் மறந்தாரா, மன்னித்தாரா, படிக்கவேயில்லையா தெரியாது. டிசம்பர் 14-ஆம் தேதி கவிஞர் வெளியே வந்தார்.

ஒரு நிபந்தனையோடு. இனிமேல் எதை எழுதினாலும் அச்சுக்குக் கொடுக்கும் முன் சி.ஐ.டி. துறையின் டெபுடி இன்ஸ்பெக்டர் ஜெனரலிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். புத்தகம் வெளிவருமுன் படித்துக் கருத்துச் சொல்ல 'பீட்டா ரீடர்' தேடி இன்றைய எழுத்தாளர்கள் நாயாக அலைகிறார்கள். பாரதிக்கு சர்க்காரே ஒருவரை நியமித்தது, டி.ஐ.ஜி. அந்தஸ்தில்! பத்து வருஷமாகத் திருட்டுத்தனமாகப் படித்துவந்த வாசகர் வட்டம் ஒருவழியாகப் பதிவு பெற்ற சங்கமாகிவிட்டது.

1919 மார்ச்சில் சென்னை வந்தார். ராஜாஜி வீட்டில் காந்தி தங்கியிருக்கிறார். வாசலில் காவல் வ.ரா. பாரதி நேரே உள்ளே போய், காந்தி பக்கத்தில் உட்கார்ந்து, இன்று மாலை திருவல்லிக்கேணிக் கடற்கரையில் என் கூட்டம், தலைமை தாங்க முடியுமா என்கிறார். இன்று வேறு வேலை இருக்கிறதே, நாளைக்கு வைக்கலாமா என்கிறார் காந்தி. முடியாது, உங்கள் இயக்கத்துக்கு என் ஆசி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மகாத்மா டேட் கொடுத்தும் நிராகரித்த ஈவெண்ட் மேனேஜர் இந்தியாவில் இவர் ஒருவரே.

அதே வருஷம் எட்டயபுரம் ராஜாவுக்கு இரண்டு சீட்டுக்கவி எழுதினார். உதவி கேட்கிற கடிதம்தான். ஆனால் படித்தால் யார் யாருக்கு உதவி செய்யப்போகிறார்கள் என்றே சந்தேகம் வரும். கைநீட்டும்போதும் முதுகு வளையவில்லை. சின்னச் சங்கரன் கதையின் ஜமீனிடமே இதை அனுப்பி வைத்தார் என்பதுதான் அழகு.

இதற்கெல்லாம் சிகரம் 1920-இல் செல்லம்மாவின் ஊரான கடையத்திலிருந்து அனுப்பிய சுற்றறிக்கை. தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாகப் போடப் போகிறார். ஒவ்வொன்றும் 10,000 பிரதி. ஆக 4 லட்சம்! பணம் கடனாக வேண்டும். வட்டியோடு திருப்பித் தருவார். முத்திரை ஒட்டிய பிராமிசரி நோட்டும் எழுதிக் கொடுப்பார். இத்தனை புத்தகம் விற்குமா? மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விட வேகமாக, சர்வசாதாரணமாகத் தமிழ்நாட்டில் விற்றுப் போகும் என்று உறுதி கூறினார். பத்துப் பேரில் ஒருவருக்கு எழுத்துத் தெரிந்தால் பெரிய விஷயமாக இருந்த நாட்டில்! இன்றைய ஸ்டார்ட்-அப் பையன்கள் முதலீட்டாளர் முன்னால் படம் போட்டுக் காட்டுகிற கணக்கெல்லாம் இதன் காலடியில் உட்கார வேண்டும். கடிதம் கிடைத்தவர்கள் மண்ணெண்ணெய் வாங்கினார்கள், தீப்பெட்டி வாங்கினார்கள்.

1921 செப்டம்பரில் கவிஞர் போய்விட்டார், முப்பத்தெட்டு வயதில். அடுத்த வருஷமே செல்லம்மா புத்தகம் போட ஆரம்பித்தார். அரிசிக் கணக்குப் பார்த்தவர் பதிப்புக் கணக்குப் பார்க்க வந்தபோது பாட்டுகள் நிஜமாகவே பரவத் தொடங்கின. ஆட்டோகிராப் கேட்க ஆளில்லாதவரின் முகத்துக்கும் கிராக்கி வந்தது. வாழ்நாள் முழுக்க எடுத்தவற்றில் நம் கையில் இருப்பது ஐந்தே போட்டோ. காலைக் காபிக்கு முன் அதைவிட அதிக செல்பி எடுத்துவிடுகிறோம்.

விற்கத் தொடங்கியதும் பழைய வாசகர்கள் விழித்துக்கொண்டார்கள். 1928-இல் சென்னை அரசாங்கம் பாரதி பாடல்களுக்குத் தடை போட்டு, பிரதிகளைப் பறிமுதல் செய்தது. ஆசிரியர் இறந்து ஏழு வருஷமாகிவிட்டதைக் கோப்பு கவனிக்கவில்லை போலிருக்கிறது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி சட்டசபையில் பொரிந்து தள்ளினார்.

பிறகு உரிமை கைமாறியது, இசைத்தட்டு வந்தது, சினிமா வந்தது, வழக்கும் வந்தது. 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சி பாரதி எழுத்துகளின் உரிமையை ஏற்றுக்கொண்டது. பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை வைத்திருந்த ஏ.வி. மெய்யப்ப செட்டியார் பைசா வாங்காமல் கொடுத்தார். உரிமையை ஏற்றது அதே சென்னை அரசாங்கம். கோட்டையும் அதே ஜார்ஜ் கோட்டைதான். மொழிபெயர்ப்பு அறிக்கை, 1911 தடை உத்தரவு, டி.ஐ.ஜி. நிபந்தனை, 1928 பறிமுதல் எல்லாம் அடுக்கி வைத்திருந்த அலமாரிகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி, ஒரு குமாஸ்தா புதுக் கோப்பு ஒன்றைத் திறந்திருக்க வேண்டும்: சுப்பிரமணிய பாரதி, பதிப்புரிமை, உரிமையாளர் நாமே.